விடுபட்ட மாதத்தைக் கண்டறிவோம்

ஊழியர் சேமநிதிச் சந்தா நமது முதுமைக்கால ஊன்றுகோலாகும். ஒரு மாதத்திற்குரிய சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்திவிட வேண்டும் என்பது சட்டம். இது தவறாமல் நடைபெறுகின்றதா என அறியும் வழியை இம்மாதப் பாடத்தில் காண்போம்.

பல ஆண்டுக் கணக்கில் ஒரு மாதம் விடுபட்டிருந்தால் அது எளிதில் கண்ணில் படாது. ஆகவே, படித்த நம் பிள்ளைகளின் துணையுடன் கணினி விரிதாளைப் பயன்படுத்துவோம்.

சேமநிதிக் கணக்கறிக்கையைப் பார்த்து, சந்தா எந்தெந்த மாதத்திற்கு வரவாகியுள்ளதோ அந்தந்த மாதத்தின் முதல் தேதியை முதற்பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படி எழுதுக. இரண்டாம் பத்தியில், ஒவ்வொரு தேதியிலிருந்தும் அதற்கு மேலுள்ள தேதியைக் கழிக்குமாறு சூத்திரம் இடுக. விடை தேதியாகத் தோன்றினால், கட்டத்தை எண் வடிவத்திற்கு மாற்றுக.

விடை 28 முதல் 31 வரை இருப்பின் குறையில்லை. 31ஐ மிஞ்சினால் இடையில் மாதம் விடுபட்டுள்ளது. சான்றாக, 1.3.2024க்கு அடுத்து 1.5.2024 இருப்பின் விடை 61. ஏப்ரல் மாதச் சந்தா வரவாகவில்லை. விடை 0 எனில், ஒரே தேதியை நாம் இருமுறை எழுதிவிட்டோம்.

இடைவெளியைக் கண்டவுடன் எவர்மீதும் குற்றஞ் சாட்டலாகாது. அம்மாதச் சம்பளச் சீட்டை முதலில் பார்ப்போம். சம்பளமே பெறாத மாதத்திற்குச் சந்தா இராது. சம்பளத்தில் சந்தா பிடிக்கப்பட்டிருந்தும் வரவாகவில்லையெனில், அச்சீட்டுடன் அருகிலுள்ள சேமநிதி அலுவலகத்தில் முறையிடுவோம்.

சீட்டே நமது சான்று. அதனைப் பத்திரமாகப் பேணுவோமாக!