உலோகக் கூட்டுக்குள் மின்னூட்டம்: முதலில் பங்கிடு, பிறகு கணக்கிடு

மாணவர்களே, உலோகக் கூட்டுக்குள் மின்னூட்டம் இருக்கும் கணக்கைக் கண்டதும் உடனே சூத்திரத்தில் எண்களைப் போட வேண்டாம். எந்தப் பரப்பில் எவ்வளவு மின்னூட்டம் நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு மூன்று உண்மைகள் போதும்.

1. மின்னூட்டங்கள் அசைவின்றி நிலைபெற்றபின் உலோகத்தின் உள்ளே மின்புலம் சுழியம். இல்லையென்றால் எலக்ட்ரான்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்.
2. ஒரு மூடிய பரப்பு முழுவதும் மின்புலம் சுழியம் என்றால், அதற்குள் உள்ள மொத்த மின்னூட்டமும் சுழியம். இது காஸ் விதியிலிருந்து வருவது.
3. தனித்து நிற்கும் கூட்டின் மொத்த மின்னூட்டம் மாறாது.

எடுத்துக்காட்டு

ஒரு கோளக் கூட்டின் உள் ஆரம் 10 செ.மீ., வெளி ஆரம் 12 செ.மீ. கூட்டின் மொத்த மின்னூட்டம் −2 நேனோகூலோம். மையத்தில் +5 நேனோகூலோம் புள்ளி மின்னூட்டம் உள்ளது.

உலோகத்தின் நடுவே, 11 செ.மீ. ஆரத்தில் ஒரு கற்பனைக் கோளம் வரையுங்கள். அங்கு மின்புலம் இல்லை. ஆகவே, உள்பரப்பில் −5 இருந்தாக வேண்டும். கூட்டின் மொத்தம் −2 என்பதால், வெளிப்பரப்பில் இருப்பது −2 − (−5) = +3.

இனி மின்புலத்தைக் கணக்கிடலாம்:

• 5 செ.மீ. தூரத்தில்: 9×10⁹ × 5×10⁻⁹ ÷ (0.05)² = 18,000 நியூட்டன்/கூலோம்
• 11 செ.மீ. தூரத்தில்: சுழியம்
• 30 செ.மீ. தூரத்தில்: 9×10⁹ × 3×10⁻⁹ ÷ (0.3)² = 300 நியூட்டன்/கூலோம்

கவனம் தேவைப்படும் இடங்கள்

புள்ளி மின்னூட்டத்தை மையத்திலிருந்து சற்று நகர்த்தினால், உள்பரப்பின் −5 சீரற்றுப் பரவும். குழிக்குள் மின்புலமும் மாறும். வெளிப்பரப்பின் +3 மட்டும் சீராகவே இருக்கும். வெளியே அதே 300தான்.

‘கூடு மறைப்பதால் வெளியே மின்புலம் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். வெளியிலுள்ள மின்னூட்டங்களிடமிருந்து உள்பகுதியைக் கூடு காக்கும். உள்ளிருக்கும் மின்னூட்டத்தை வெளியுலகிடமிருந்து மறைக்க வேண்டுமானால், கூட்டைப் புவியுடன் இணைக்க வேண்டும். அப்போது வெளிப்பரப்பின் +3 நீங்கிவிடும். உள்பரப்பின் −5 அப்படியே இருக்கும்.

1843இல் மைக்கல் ஃபாரடே பனிக்கட்டி வாளி ஒன்றைக் கொண்டு இதைச் சோதித்தார். மின்னூட்டம் பெற்ற குண்டைப் பட்டு நூலில் கட்டி வாளிக்குள் இறக்கியதும், வாளியுடன் இணைந்த மின்காட்டியின் தங்க இலைகள் விரிந்தன. குண்டு வாளியின் அடியைத் தொட்டபோதும் அந்த விரிவு மாறவில்லை. வெளியே எடுத்த குண்டிலோ மின்னூட்டமே இல்லை! உள்பரப்பில் தூண்டப்பட்டது குண்டின் மின்னூட்டத்துக்குச் சரிசமமாகவும் எதிராகவும் இருந்ததால், இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிட்டன.

நீங்களே செய்து பாருங்கள்: மேற்கண்ட கூட்டின் மொத்த மின்னூட்டம் சுழியம் என்றால், 30 செ.மீ. தூரத்தில் மின்புலம் எவ்வளவு?

(விடை: 500 நியூட்டன்/கூலோம்)