வழிநூலாய் வந்த நால்வர் கதை

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்துரைப்பது நம் இலக்கண மரபு. முதல்நூலின் போக்கைத் தழுவிச் சென்று, ஆசிரியன் தன் கருத்திற்கேற்ற மாற்றங்களையும் செய்துகொள்வது வழிநூல். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, அமெரிக்க நாட்டில் இளையோர் பொருட்டு அண்மையில் எழுதப்பெற்ற சில புதினங்களை நோக்குவோம். அவை யாவும் ஒரே நூலின் வழித்தோன்றல்கள்.

அம்முதல்நூல் 'லிட்டில் விமன்' என்பது. அதனை இயற்றியவர் லூயிசா மே ஆல்காட் அம்மையார் (1832-1888). சிறுமியர்க்கென ஒரு கதை வேண்டும் எனப் பதிப்பாளர் கேட்க, அத்துணை விருப்பமின்றியே அவர் எழுதத் தொடங்கினார். முதற்பகுதி 1868-ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. உள்நாட்டுப் போருக்குத் தந்தை சென்றுவிட, வறுமையிடையே தாயுடன் வாழும் மெக், ஜோ, பெத், ஏமி என்னும் உடன்பிறந்தார் நால்வரின் கதை அது. எழுத்தார்வம் மிக்க ஜோ ஆசிரியரின் சாயலே. நோயுற்று மறையும் பெத், 1858-இல் இறந்த அவர்தம் தங்கை எலிசபெத்தின் நினைவாய்ப் பிறந்தவள். ஜோவை அண்டைவீட்டு இளைஞன் லாரிக்கே மணமுடிக்க வேண்டும் என்று வாசகர் பலர் மடல் எழுதினர். ஆசிரியர் இசையவில்லை, ஆயினும் அவளை மணமின்றி விட்டுவிடவும் இயலாது, பேராசிரியர் ஒருவருக்கு மணம் செய்வித்தார். தாம் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

பிறர் படைத்த மாந்தரை எடுத்தாளுதல் முறையாகுமோ என்று ஐயுறுவார் உளர். ஆல்காட் அம்மையாரே இவ்வகையில் ஒரு கடனாளி என்பதை அவர்கள் மறந்தனர் போலும். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' என்னும் நூலைத் துணைக்கொண்டே அவர் தம் கதையைக் கட்டினார். அத்தியாயத் தலைப்புகள் பலவும் அதிலிருந்து பிறந்தவை. அதே பனியனின் நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தைத் தமிழில் யாத்தார். அது 1894-இல் வெளிவந்தது. ஒரு விதையினின்று மாசசூசெட்ஸில் ஒரு மரமும் நெல்லைச்சீமையில் ஒரு மரமும் முளைத்தன. அவற்றின் நிழல் வேறு, கனி வேறு.

இனி வழிநூல்களுக்கு வருவோம். 2019-இல் வந்த ஒரு படக்கதை, நால்வரையும் இக்கால நியூயார்க்கில் குடியமர்த்துகிறது. தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையர். காலத்துச் செய்திகள் பலவற்றை ஒருங்கே ஏற்றியமையால் வண்டி சற்றுத் தள்ளாடுகிறது என்பது எம் கருத்து. 2022-இல் ஆசிரியர் நால்வர் கூடி எழுதிய 'கிரேட் ஆர் நத்திங்' இதனினும் மேம்பட்டது. அதன் களம் 1942-ஆம் ஆண்டு. தங்கையின் மறைவால் மூவரும் ஒருவரையொருவர் பிரிந்து நிற்கின்றனர்: மெக் ஊரில் ஆசிரியை, ஜோ வானூர்தித் தொழிற்சாலையில், ஏமி செஞ்சிலுவைத் தொண்டில் இலண்டனில். மூவர் கதை உரைநடையில் நடக்க, இறந்த பெத்தின் குரல் மட்டும் கவிதையாய் ஒலிக்கிறது. யாப்பிற்கு அடங்காத கவிதைதான். ஆயினும் முதல்நூலில் மிகக் குறைவாகவே பேசிய அப்பெண் இங்கே வாய்திறக்கக் கேட்பது நெஞ்சை உருக்குகிறது.

இவற்றுள் தலையாயது பெத்தனி சி. மாரோ 2021-இல் இயற்றிய 'சோ மெனி பிகினிங்ஸ்'. முதல்நூலின் தந்தை சென்ற போர் எதன் பொருட்டு மூண்டது? அடிமைமுறையே அதன் மூலகாரணம். ஆல்காட் குடும்பத்தார் அம்முறையை வன்மையாக எதிர்த்தவர்கள். அம்மையாரும் 1862-இன் இறுதியில் வாஷிங்டன் சென்று, போரிற் புண்பட்ட வீரர்க்குச் செவிலியாய்ப் பணிபுரிந்தவர். அங்ஙனமிருந்தும், அடிமைப்பட்டோர் அவர் கதையில் கண்ணிற்படுவதே அரிது. அந்த மௌனத்தின் இடத்திலேதான் மாரோ தம் கதையைத் தொடங்குகிறார். அவருடைய நால்வரும் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெண்கள். வட கரோலினாவைச் சார்ந்த ரோனோக் தீவில், 1863-இல், விடுதலை பெற்றோர் குடியிருப்பில் வாழ்கின்றனர். மெக் கல்வி கற்பிக்கிறாள், ஜோ எழுதுகிறாள், பெத் தையற்கலையில் வல்லவள், ஏமி ஆடல் விழைபவள்.

பெயரும் உடையும் மட்டும் மாறிய கதை அன்று இது. அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றம் என வட கரோலினாவில் 1830-இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கான்கார்டில் ஒரு பெண் எழுதுகோல் பிடித்தால் அது ஆர்வம். அவ்வூதியத்தால் அடுப்பெரியும் என்பது அதன்மேல் ஒரு நன்மை. ரோனோக்கில் ஒரு பெண் எழுதுகோல் பிடித்தால், நேற்றுவரை தண்டனைக்குரியதாயிருந்த செயலை இன்று செய்கிறாள் என்பது பொருள். அதே ஜோ, அதே எழுதுகோல். எழுத்தின் விலையோ வேறு.

அத்தீவின் குடியிருப்பு கற்பனையன்று. வடபடை 1862 பிப்ரவரியில் தீவைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு குடியிருப்பு முறையாக அமைந்தது. ஏறத்தாழ 3,500 பேர் அங்கு வாழ்ந்த காலமும் உண்டு. வீடு கட்டினர், பள்ளிகள் நடந்தன, ஆடவர் பலர் படையிற் சேர்ந்தனர். போர் முடிந்தபின் நிலங்கள் பழைய உரிமையாளர்க்கே மீள அளிக்கப்பட்டன. 1867-இல் குடியிருப்பு கலைந்தது. கதை தொடங்கும்போது அந்நால்வரும் இதனை அறியார். புதிய வீட்டில் வேரூன்றிவிட்டோம் என்றே மகிழ்ந்திருக்கின்றனர்.