நாள்பட்ட முதுகுவலியும் பெருந்தமனியின் அடங்கிய வெடிப்பும்

முதுகுவலி பெரும்பாலும் தசைப்பிடிப்பாலோ எலும்புத் தேய்மானத்தாலோ வருவது. எனினும் மிகச் சிலருக்கு, உடலின் மிகப் பெரிய இரத்தக்குழாயில் ஏற்பட்ட கிழிவே அவ்வலிக்குக் காரணமாகிறது. அரிதான இந்நோயைக் காலத்தில் கண்டறிந்தால் உயிர் காக்கலாம்.

பெருந்தமனி வீக்கம்

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கு அதன் விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ. நலிந்த சுவர் புடைத்து 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் அதனை ‘அனியூரிசம்’ என்பர். புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், முதுமை, குடும்ப மரபு ஆகியவை முதன்மைக் காரணங்கள். சிலருக்குக் காசநோய் போன்ற தொற்றும் காரணமாகலாம்.

அடங்கிய வெடிப்பு என்பது யாது?

வீக்கம் வெடித்தால் பெரும்பாலும் இரத்தம் வேகமாக வெளியேறி, சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரும். ஆனால் கிழிவு பின்சுவரில் சிறிதாக ஏற்பட்டால், கசிந்த இரத்தம் உறைந்து, முதுகெலும்பாலும் சுற்றியுள்ள தசைகளாலும் தடுக்கப்படுகிறது. கண்மாய்க் கரையின் உடைப்பை மண்மூட்டைகள் தாங்கி நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். நீர் நின்றுவிட்டது உண்மை. ஆயினும் மூட்டை கரையாகிவிடாது.

இந்நிலையில் நோயாளியின் இரத்த அழுத்தம் இயல்பாக இருக்கக்கூடும். அவர் நடந்தே மருத்துவமனைக்கு வருவார். வலி தோன்றித் தணிந்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கும். இடைவிடாத துடிப்பினால் முதுகெலும்பு அரிக்கப்படுவதும், வலி காலுக்குப் பரவுவதும் உண்டு. அதனால் இது வட்டு விலகல், முதுகெலும்புக் காசநோய், கட்டி எனப் பிறழ உணரப்படலாம்.

கண்டறியும் முறை

வயிற்று அல்ட்ராசவுண்டு பரிசோதனை வீக்கத்தைக் காட்டும். கிழிவை உறுதிசெய்யச் சி.டி. ஆஞ்சியோகிராம் தேவை. பெருந்தமனியின் பின்சுவர், முதுகெலும்பின் மேல் துணி போர்த்தியதுபோல் படிந்திருப்பது முக்கிய அடையாளமாகும். சிறுநீரகக் குறைபாடோ மருந்து ஒவ்வாமையோ இருப்பின் பரிசோதனைக்கு முன்பே தெரிவியுங்கள்.

சிகிச்சை

வெடிக்காத வீக்கம் ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ. அளவை எட்டும்வரை கண்காணிக்கப்படும். அடங்கிய வெடிப்புக்கு இக்கணக்கு பொருந்தாது. அளவு எதுவாயினும் காலம் தாழ்த்தாது சீர்செய்ய வேண்டும். மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, கிழிவை மூடா.

வழிகள் இரண்டு. வயிற்றைத் திறந்து, நலிந்த பகுதிக்கு மாற்றாகச் செயற்கைக் குழாயைத் தைப்பது ஒன்று. தொடைமடிப்பில் உள்ள தமனி வழியாக ‘ஸ்டென்ட் கிராஃப்ட்’ செலுத்தி உள்ளிருந்து அடைப்பது மற்றொன்று. பின்னதில் விரைவாக உடல் தேறும். ஆயினும் வாழ்நாள் முழுதும் ஸ்கேன் கண்காணிப்பு வேண்டும். தொற்று இருப்பின் நீண்டகால நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் சேரும்.

அறிவியலறிஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கும் வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் இருந்தது. 1948இல் மருத்துவர் ருடால்ஃப் நிசென் அவ்வீக்கத்தைச் செல்லோபேன் தாளால் சுற்றினார். அன்று அதற்குமேல் வழியில்லை. 1955இல் அது வெடித்தபோது, மீண்டும் அறுவை வேண்டாமென ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 18இல் காலமானார். வீங்கிய பகுதியை அகற்றி வேறு குழாய் பொருத்தும் சிகிச்சையைப் பாரிசில் சார்ல் துபோ 1951இல் வெற்றிகரமாகச் செய்தார். ஸ்டென்ட் கிராஃப்ட் முறையை அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி 1990இல் கையாண்டார். ஐன்ஸ்டைன் காலத்தில் அரிதாயிருந்த வழி இன்று நமக்கு எட்டியுள்ளது.

குடும்பத்தினர் அறிய வேண்டியவை

• வயிற்றில் துடிக்கும் கட்டி தென்பட்டால் அதனை அழுத்துதலும், எண்ணெய் தேய்த்து நீவுதலும் கூடாது.

• திடீர்க் கடும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள்.

• மேல்சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால், “வலி குறைந்துவிட்டது” என்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வலி தணிவது கிழிவு மூடியதற்கு அடையாளமன்று.

• பழைய ஸ்கேன் படங்கள் அனைத்தையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

• பீடி, சிகரெட்டை அறவே விடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நாள்தோறும் தவறாது உட்கொள்ளுங்கள்.

• உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் தமக்கு அல்ட்ராசவுண்டு தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.