சானாவில் வியர்க்கப் போகிறீர்களா?

சுமார் 55 லட்சம் பேர் வாழும் பின்லாந்தில் ஏறத்தாழ 30 லட்சம் சானாக்கள் (சூடேற்றிய வியர்வை அறைகள்) இருக்கின்றன. வீடு, அலுவலகம் மட்டுமல்ல, நாடாளுமன்றக் கட்டடத்திலும் ஒன்று உண்டு. 2020-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பின்லாந்தின் சானா வழக்கத்தைச் சேர்த்தது. இப்போது நம் ஊர் ஜிம்களிலும் அந்த மரப்பலகை அறை வந்துவிட்டது; கூடவே 'உடம்பிலுள்ள நச்சையெல்லாம் வெளியேற்றும்' என்ற விளம்பரமும்.

வியர்வை பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. நச்சை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். சானாவின் பலன் சூட்டில் இருக்கிறது. 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் உலர்சூட்டில் தோலின் ரத்த நாளங்கள் விரிகின்றன. நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே இதயம் வேகநடைக்குரிய வேலையைச் செய்கிறது.

கிழக்கு பின்லாந்தில் நடுவயது ஆண்கள் 2,315 பேரைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வை யாரி லௌக்கானெனின் குழு 2015-ல் வெளியிட்டது. வாரம் ஒருமுறை போனவர்களைவிட, நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. அடிக்கடி சானாவுக்குப் போகிறவர் ஏற்கெனவே நல்ல உடல்நிலையில் இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• குளித்துவிட்டு உள்ளே போங்கள். மேக்கப், கிரீம், தலையெண்ணெய் எதுவும் வேண்டாம். சங்கிலி, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். உலோகம் சூடேறிச் சுடும்.

• பலகையில் துண்டு விரித்து அதன்மேல் உட்காருங்கள்.

• புதியவர் என்றால் கீழ்ப்படி. சூடு மேலே ஏறும் என்பதால் மேல்படியில் அது ஒரேயடியாகத் தாக்கும். எட்டு, பத்து நிமிடம் போதும்.

• அடுப்பின் மேலுள்ள சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுமுன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். எழும் ஆவியை பின்லாந்துக்காரர்கள் லோய்லு என்பார்கள். சானாவின் உயிரே அதுதான் அவர்களுக்கு. ஒரு கரண்டி ஊற்றினால் வெப்பமானி அதிகம் நகராது, ஆனால் தோளும் காதும் சுரீரென்று எரியும். ஆவி தோலில் படிந்து நீராகும்போது தன் சூட்டை அங்கே இறக்கிவிடுகிறது. காற்றில் ஈரம் கூடியதால் வியர்வையும் உலராது. நம் ஜிம்களில் சில மின் அடுப்புகளில் தண்ணீரே ஊற்றக்கூடாது. அறிவிப்பைப் பாருங்கள்.

• வெளியே வந்து ஆறுங்கள். காற்றாட உட்காரலாம், ஷவரில் நிற்கலாம். பிறகு வேண்டுமானால் இன்னொரு சுற்று. ஆறும் நேரத்தை வெட்டிச் சுருக்கினால் தலைசுற்றி விழலாம்.

• தண்ணீர் குடியுங்கள். ஒருமுறை போய்வந்தாலே அரை லிட்டர் அளவு வியர்வை போய்விடும். மோரும் நல்லதே.

• அழகுக்காகப் போகிறவர்களுக்கு: முகத்தில் தெரியும் சிவப்பும் பளபளப்பும் ரத்தவோட்டம் கூடியதால் வருபவை, கொஞ்ச நேரத்தில் போய்விடும். வழக்கமாகப் போகிறவர்களின் தோல் ஈரத்தைக் காத்துக்கொள்வதாகவும், நெற்றியில் எண்ணெய்ப்பசை குறைவதாகவும் ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. வியர்வையை அலசிவிட்டு, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவினால் பலன் கூடும். எக்ஸிமா உள்ளவர்களுக்கு வியர்வையே அரிப்பைக் கிளப்பலாம்.

செய்யக்கூடாதவை

• மது அருந்திவிட்டுப் போகாதீர்கள். பின்லாந்தின் சானா மரணங்களில் மதுவின் பங்கு பெரிது. ரத்த அழுத்தம் சட்டென இறங்கும். போதையில் எழுந்து வெளியே வரவும் தோன்றாது.

• யார் அதிக நேரம் தாங்குவது என்று பந்தயம் கட்டாதீர்கள். பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் உலக சானா போட்டியே நடந்தது. 2010 இறுதிச்சுற்றில், 110 டிகிரியில், ரஷ்யப் போட்டியாளர் உயிரிழந்தார். அவரோடு மோதிய பின்லாந்துக்காரர் கடும் தீக்காயங்களோடு மருத்துவமனைக்குப் போனார். போட்டி அத்தோடு நின்றது.

• எடை குறைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். குறைந்தது தண்ணீர்தான். இரண்டு டம்ளர் குடித்தால் திரும்பிவிடும்.

• வாசனை எண்ணெயை நேராகக் கல்லில் ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும். வாளித் தண்ணீரில் சில சொட்டு போதும். அடுப்புக்கு மேலே துணி காயப்போடுவதும் ஆபத்து.

• காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம்.

• அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், அடிக்கடி நெஞ்சுவலி வருகிறவர்கள், இதய வால்வு சுருக்கம் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் போகக்கூடாது. சானா முடிந்ததும் பனித்தண்ணீரில் குதிக்கும் வேலையை இவர்கள் மறந்தே விடலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மெதுவாக எழ வேண்டும். தோலில் ஒட்டும் வலிநிவாரணப் பட்டையோடு போனால் மருந்து தேவைக்கு மேல் உடம்பில் ஏறும். ஊசியில் போட்ட இன்சுலினும் சூட்டில் வேகமாக ரத்தத்தில் கலக்கும்.

• கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உடற்சூடு அதிகமாவது கருவுக்கு நல்லதல்ல. பின்லாந்துப் பெண்கள் கர்ப்பக் காலத்திலும் போகிறார்கள் என்பது உண்மை. சிறுவயது முதல் பழகியவர்கள் அவர்கள். புதிதாகத் தொடங்க அது நேரமில்லை.

• குழந்தைக்கு முயலும் ஆண்களும் தள்ளிப்போடலாம். தொடர்ந்த சூட்டில் விந்தணு எண்ணிக்கை குறையும். நிறுத்திய சில மாதங்களில் அது பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.