நாய்க்குத் தைராய்டு இரத்தப் பரிசோதனை: முன்னேற்பாடுகள்

வேளாண்மை இதழில் நாய்க்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கொல்லைகளிலும் பம்புசெட் கொட்டகைகளிலும் இரவுக் காவல் இருப்பது நாய்தானே! அது மந்தமாகிப் படுத்துவிட்டால் நட்டம் விவசாயிக்கே.

நாயின் கழுத்தில் மூச்சுக்குழாயின் இருபுறமும் தைராய்டு சுரப்பி உள்ளது. இது சுரக்கும் தைராக்ஸின், உடலில் உணவு எரியும் வேகத்தை நிர்ணயிக்கிறது. சுரப்பு குறைந்தால், தீனி கூடாமலே உடல் பெருக்கும். நாய் எந்நேரமும் தூங்கும். வெயிலையும் அடுப்படிச் சூட்டையும் தேடிப் போகும். இரு விலாக்களிலும் ஒரே மாதிரி முடி கொட்டும். வால் எலிவால் போலாகும். நடுவயது நாய்களில், குறிப்பாக லேப்ரடார், டாபர்மேன் போன்ற இனங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. முடி கொட்டிய இடத்தை நாய் ஓயாமல் சொறிந்தால் முதலில் சொறிநோய், உண்ணி ஆகியவற்றையே சந்தேகிக்க வேண்டும்.

இந்நோய் என்று முடிவானால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் மாத்திரை தர வேண்டியிருக்கும். ஆகவே பரிசோதனை பிழையாகிவிடக் கூடாது. எருக் குப்பை கொட்டிய இடத்தில் மண் மாதிரி எடுத்தால் முடிவு எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இரத்த மாதிரியும் அப்படித்தான்.

முதலாவதாக, நாய்க்கு வேறு நோய் இருக்கும்போது இச்சோதனை செய்யாதிருப்பது நலம். உண்ணிக் காய்ச்சல் போன்ற எந்தக் கடும் நோயிலும் சுரப்பி நன்றாக இருந்தாலும் தைராக்ஸின் அளவு இறங்கிவிடும். காய்ச்சலைக் குணப்படுத்திய பின்னரே இரத்தம் எடுக்க வேண்டும்.

அடுத்தது மருந்துகள். ஸ்டீராய்டு ஊசி, சல்பா மாத்திரை, வலிப்புக்குத் தரும் பினோபார்பிட்டால் ஆகியவை தைராக்ஸின் அளவைக் குறைத்துக் காட்டும். எங்கள் வீட்டு நாய்க்கு அரிப்புக்காகப் போட்ட ஊசி ஸ்டீராய்டு என்பது எனக்கே தெரியாது. சோதனையில் அளவு குறைவு என்று வந்தது. மாத்திரை தொடங்குமுன் மருத்துவர் கேட்டதால் பழைய சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினேன். ஆறு வாரம் பொறுத்து மறுபடி பார்த்ததில் அளவு சரியாகவே இருந்தது! ஆகவே கொடுத்த மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். ஆனால் பரிசோதனைக்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நாயின் உயிருக்கே ஆபத்து.

கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் குரல்வளைப் பகுதியை நாய்க்குப் போடுவோர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதில் ஆட்டின் தைராய்டு சுரப்பியே ஒட்டியிருக்கலாம். அதைத் தின்ற நாயின் இரத்தத்தில் தைராக்ஸின் ஏறிக் காணும்.

இரத்தம் எடுப்பதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் தீனி கூடாது. கொழுப்பு கலந்து பால்போல் கலங்கிய இரத்தநீரில் அளவு சரிவரத் தெரியாது. இரவு 8 மணிக்குத் தீனி வைத்து, பிறகு கட்டிப்போட வேண்டும். அவிழ்த்து விட்டால் தெருவில் எதையாவது தின்றுவிட்டு வரும். தண்ணீர் தாராளமாக வைக்கலாம். குட்டிகளையும் சர்க்கரை நோயுள்ள நாய்களையும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போடக் கூடாது. காலை வெயில் ஏறுமுன் அழைத்துச் செல்லுங்கள். வாய்ப்பூட்டை இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே போட்டுப் பழக்கினால் ஊசி குத்தும்போது நாய் மிரளாது.

நாயின் வயது, இனம், பெண் நாயானால் கடைசியாகப் பருவத்திற்கு வந்த நாள் ஆகியவற்றைக் குறித்துக் கொடுங்கள். கிரேஹவுண்டு போன்ற ஓட்ட நாய்களுக்கு இயல்பிலேயே தைராக்ஸின் குறைவு. எனவே சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்போர் இனத்தைச் சொல்ல மறக்கக் கூடாது.

புதுச்சேரி நகரில் மனிதர்களுக்கான ஆய்வகங்கள் பல உண்டு. ஆனால் மனிதருக்கான டி.எஸ்.எச். சோதனை நாய்க்கு உதவாது. நாய்க்கென்றே தயாரித்த முறை வேண்டும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்திலோ உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடமோ முதலில் நாயைக் காட்டி, இரத்தத்தை எங்கே அனுப்புவது என்று கேட்டறியுங்கள்.

மாத்திரை தொடங்கிய நாய்க்கு 4 முதல் 8 வாரத்தில் மறுபரிசோதனை உண்டு. அன்று காலை மாத்திரையை வழக்கம்போல் கொடுத்து, 4 முதல் 6 மணி நேரத்திற்குள் இரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை கொடுத்த நேரத்தைச் சீட்டிலேயே எழுதி வையுங்கள்.