எல்லை வகுத்தலும் தன்காலில் நிற்றலும்

மனிதனுக்கு வரும் துன்பங்கள் யாவும் பெரியனவாய் வருவனவல்ல. நோய், இழப்பு, வறுமை போன்ற பெருந்துன்பங்கள் வாழ்வில் எப்போதாவது வந்து தாக்குகின்றன. நாள்தோறும் எம்மை அரித்துத் தின்பவையோ சிறியவை. மனமின்றி ஏற்றுக்கொண்ட ஒரு பொறுப்பு, மறுக்க நாவெழாது கொடுத்த ஒரு வாக்கு, பிறர் வந்து செய்து தருவாரெனக் காத்துக் கிடக்கும் ஒரு வேலை, நள்ளிரவில் ஒலிக்கும் தொலைபேசி என்பன தனித்தனியே நோக்குமிடத்து அற்பமானவை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருமிடத்து அவை உறக்கத்தைக் கெடுக்கின்றன. உணவில் வெறுப்பை விளைக்கின்றன. அன்புள்ள மனைவி மக்களிடத்தும் சினந்து பேசச் செய்கின்றன. இதனையே உளநெருக்கீடு என்கின்றோம்.

இந்நெருக்கீட்டைக் குறைப்பதற்கு இரு வழிகள் எம் கையிலேயே உள்ளன. ஒன்று, எம்மால் ஏற்கத்தக்கது எது, தகாதது எது என எல்லை வகுத்துக்கொள்ளுதல். மற்றையது, எமக்குரிய கருமங்களை இயன்றவரை எமது கையாலேயே செய்யப் பழகுதல். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெருக்கீட்டின் இயல்பு

அச்சமும் சினமும் தோன்றும்போது உடலில் நிகழும் மாற்றங்களை, அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியற் பேராசிரியர் வால்ரர் கனன் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் விரித்துரைத்தார். ஆபத்தைக் கண்டவிடத்து, சிறுநீரகங்களின் மேலே அமைந்த அதிரீனற் சுரப்பிகள் தம் சுரப்பை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது, தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கின்றது, சமிபாடு தளர்கின்றது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் செய்யும் ஆயத்தமே இது. பின்னர் 1936 இல், கனடாவின் மொன்றியல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செலியே என்பார், வெவ்வேறு வகையான கேடுகளுக்கு உடல் ஒரே வகையான மறுமொழியைக் காட்டுவதையும், அந்நிலை நீடித்தால் உடல் சோர்ந்து நோயுறுவதையும் எடுத்துக்காட்டினார்.

பாம்பைக் கண்டு பாய்ந்து விலகியவனுக்குப் பாம்பு போனபின் உடல் அமைதியடைகின்றது. நாளை எவர் வந்து எதைக் கேட்பாரோ என்று அஞ்சி வாழ்பவனுக்கோ பாம்பு படுக்கையருகிலேயே கிடக்கின்றது. அவனுடல் அமைதியடையும் வேளை வருவதில்லை.

இன்னுமொன்று உண்டு. வேலையின் மிகுதி மாத்திரம் மனிதனைக் கெடுப்பதில்லை. 1985 ஆம் ஆண்டு தொடங்கி, இலண்டனிற் கடமையாற்றிய 10,308 அரசாங்க ஊழியரைக் கொண்டு நடத்தப்பட்டது வைற்ஹோல் இரண்டாம் ஆய்வு. தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்யும் உரிமை குறைந்தோரிடத்து இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டமையை அவ்வாய்வாளர் 1997 இல் வெளியிட்டனர். சுமையைக் காட்டிலும், அச்சுமைபற்றி எமக்குச் சொல்லில்லை என்ற நிலையே கொடிது என்பது இதனாற் புலனாகின்றது.

படலையுள்ள வேலி

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வளர்ந்தோர்க்கு எல்லை என்பது புதிய பாடமன்று. பூவரசையும் கிளுவையையும் கதியாலாக நட்டு, பனையோலையாலோ கிடுகாலோ அடைத்த வேலிகளுக்கிடையே வாழ்ந்த மக்கள் நாம். வேலி அயலவனைப் பகைப்பதற்கு இட்டதன்று. அதன் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் பயன்பட்டது. வருவோர்க்குப் படலை இருந்தது; அயல்வீட்டாரோடு கறியும் நெருப்பும் மாற்றிக்கொள்ளப் பொட்டும் இருந்தது. ஆயினும் எக்காணி எவருடையது என்பதில் ஐயமில்லை. ஐயம் வந்தவிடத்தேதான், எல்லைக் கதியால் அரை முழம் நகர்ந்ததென்று உடன்பிறந்தாரும் நீதிமன்றம் ஏறினர். தெளிந்த எல்லை உறவைக் காத்தது. தெளியாத எல்லை உறவைக் கெடுத்தது.

மனிதரிடையேயும் இதுவே முறை. வேலியே இல்லாதவன் வீடு தெருவாகும். படலையில்லாத மதிலை எழுப்பியவன் வீடு சிறையாகும். எமக்கு வேண்டுவது படலையுள்ள வேலி.

இதனை நான் ஏட்டிற் கற்றவனல்லன். பல்லாண்டுகளின் முன், உடன் பணியாற்றிய நண்பரொருவர் தாம் பெறவிருந்த கடனுக்குப் பிணை நிற்குமாறு கேட்டு ஒரு படிவத்தை நீட்டினார். அவரால் அக்கடனைத் தீர்த்தல் இயலாது என்பதை என் உள்ளம் அறியும். ஆயினும் மறுத்தால் என்ன நினைப்பாரோ என்ற அச்சத்தினாற் கையொப்பமிட்டேன். படித்துப் பார்த்தேனுமல்லேன். முதலிற் கடன்பட்டவரிடத்தே கேட்டு, அவர் கொடாவிடத்தே பிணையாளியிடம் வரவேண்டுமென்று உரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு ஒரு சலுகை அளித்துள்ளது. அச்சலுகையைப் பிணையாளி தானே துறப்பதாகக் கடன் படிவங்களில் எழுதியிருப்பது வழக்கம். நான் ஒப்பமிட்ட படிவத்திலும் அவ்வாறே எழுதியிருந்தது. நண்பர் தவணை தவறினார். இரண்டாண்டுகளுக்கு மேலாக என் சம்பளத்தின் ஒரு பகுதி அக்கடனுக்குப் போயிற்று. மூத்த மகளின் படிப்புக்கென வைத்திருந்த சேமிப்பும் அதன்வழியே போயிற்று. பொருள் போனதைக் காட்டிலும் நட்புப் போனதே எனக்குப் பெருந்துயர். அவர் என்னைக் கண்டால் தெருவின் மறுபுறம் போவார்; நானும் அதனை விரும்பினேன். அன்றைக்கு மென்மையாக மறுத்திருந்தால் ஒரு வாரம் மனத்தாங்கல் இருந்திருக்கும், நட்பு நின்றிருக்கும். அன்பினாற் செய்தேன் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அஃது அன்பன்று, அச்சமே என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஒப்புரவும் வலியறிதலும்

இங்கே ஒரு வினா எழும். பிறர்க்கு உதவுதல் எமது சமயமும் பண்பாடும் போதிக்கும் அறமன்றோ? எல்லை வகுத்தல் தன்னலமாகாதோ? வினா நியாயமானது. விடையை வள்ளுவரிடத்தே காணலாம். அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் என 22 ஆம் அதிகாரத்தை வகுத்த அவரே, பொருட்பாலில் வலியறிதல் என 48 ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். தன் வலியின் அளவையும் தன் பொருளின் அளவையும் அறிந்து அதற்கேற்ப ஒழுகுதல் அங்கே வற்புறுத்தப்படுகின்றது. அளவறியாத ஈகை கொடுப்பவனையே அழிக்கும் என்பதும் அங்கேயே பேசப்படுகின்றது. ஆதலின் எல்லையறிதல் ஈகைக்குப் பகையன்று. ஈகை நிலைத்து நடப்பதற்கு அதுவே அரண். வற்றிய கிணற்றில் எவரும் நீர் மொள்ள இயலாது.

மறுக்கும் முறை

எல்லையை மனத்தில் வைத்திருத்தல் போதாது. அதனைச் சொல்லவும் அறிதல் வேண்டும். அனுபவத்தில் நான் கண்டறிந்த நெறிகள் சில உள.

முதலாவது, எதனைக் கேட்டாலும் உடனே உடன்படாதிருத்தல். “ஓரிரவு யோசித்து நாளை சொல்கின்றேன்” என்பது மரியாதையான மறுமொழி. இரவு கழிந்தபின் அச்சம் தணியும்; அறிவு தெளியும்.

இரண்டாவது, மறுப்பைச் சுருக்கமாகவும் மெய்யாகவும் கூறுதல். பொய்க்காரணம் சொல்பவன் அடுத்த முறைக்கு வேறொரு பொய்யைத் தேடவேண்டும். உறவினரான இளைஞர் ஒருவர் பிணை கேட்டு வந்தால், “தம்பி, எவர்க்கும் பிணை நிற்பதில்லை என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு, உம்மில் நம்பிக்கையின்மையால் அன்று. என்னால் இவ்வளவு தர இயலும். அதனை நீர் திருப்பித் தரவேண்டியதில்லை” என்று சொல்லலாம். இழக்க இயன்றதை மாத்திரம் கொடுப்பவனுக்கு உறக்கம் கெடுவதில்லை.

மூன்றாவது, ஒழுங்கைக் கேள்வி வருமுன்னரே வகுத்து அறிவித்தல். இரவு ஒன்பது மணிக்குப்பின் தொலைபேசியை எடுப்பதில்லை, ஞாயிறு முற்பகல் குடும்பத்துக்குரியது என்பன முன்னரே தெரிந்திருந்தால் எவரும் மனம் நோகார்.

நான்காவது, பிறருடைய எல்லையை மதித்தல். மகன் படிக்கவேண்டிய பாடத்தையும் மகள் மணக்கவேண்டிய மாப்பிள்ளையையும் தாமே தீர்மானிக்கும் பெற்றோர், தம் எல்லையை மாத்திரம் பிறர் மதிக்க வேண்டுமென எதிர்பார்த்தல் நேர்மையன்று.

தன்கையே தனக்குதவி

இனி, இரண்டாம் வழியை நோக்குவோம். பிறரிடத்து எல்லை வகுப்பவன் தன் கருமங்களுக்குப் பிறரையே நம்பியிருந்தால் அவ்வெல்லை நில்லாது. தனக்கு வேண்டியவற்றைத் தானே செய்துகொள்பவனே பிறர்முன் அஞ்சாது நிற்பான்.

எம்மவரிற் கற்ற ஆடவர் பலர் ஒரு குவளை தேநீரையும் தாமே வைத்தறியார். சட்டைப் பொத்தான் கழன்றாலும் சைக்கிட் குழாயிற் காற்றுப் போனாலும் அவர்க்கு ஆள் தேடவேண்டும். வீட்டுக் கணக்கும் மருந்தின் அளவும் மனைவியார்க்கே தெரியும். அவ்வம்மையார் முந்திச் சென்றுவிட்டால், பெரும் பதவிகளை வகித்த அம்மனிதர் உப்பு எந்தப் போத்தலில் இருக்கின்றதென்று அறியாது அடுக்களை வாயிலில் நிற்கும் காட்சியைக் காண மனம் உருகும். அவ்வாறே, வங்கிப் படிவத்தை நிரப்பவும் காணி உறுதியை வாசித்தறியவும் கணவரையே நம்பியிருந்த பெண்மணிகள், அவர் மறைந்தபின் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் பிறர் வீட்டுப் படலையில் நின்ற துயரமும் எம்மிடையே நிகழ்ந்ததே.

உளவியலறிஞர் அல்பேட் பண்டூரா, ஒரு கருமத்தைத் தன்னாற் செய்யமுடியும் என்ற நம்பிக்கையின் வலிமையை 1977 இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். பிறர் புகழ்ச்சியையும் தேறுதலையும் காட்டிலும், தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவமே அந்நம்பிக்கையை உறுதியாக வளர்க்கும் என்பது அவர் முடிபு. ஆகவே சிறியதிலிருந்து தொடங்குக. மாதமொரு வேலையைக் கற்பினும் ஆண்டில் பன்னிரண்டு வேலைகளுக்குப் பிறரை எதிர்பார்க்கும் நிலை நீங்கும்.

தன்காலில் நிற்றல் என்பது எவருதவியும் வேண்டாவென்று இறுமாந்திருத்தலன்று. எமது தெருவோரங்களில் முன்னோர் நாட்டிய சுமைதாங்கிக் கற்களை இன்றும் சிலவிடங்களிற் காணலாம். நிலத்தில் இறக்கிய பெருஞ்சுமையை மீண்டும் தலையிலேற்றுதற்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். உயரமான அக்கல்லில் இறக்கினால், வழிப்போக்கன் தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளலாம். கல்லை நாட்டியவர் அவன் சுமையைத் தாம் சுமக்கவில்லை. அவன் இளைப்பாறித் தானே சுமப்பதற்கு வழி செய்தனர். உதவியுள் தலையாய உதவி அதுவே.

கடல்கடந்த உறவுகள்

எம் சமுதாயத்துக்கு இது மிகவும் வேண்டப்படும் பாடம். ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல, கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராயும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராயும் இருந்தோர் அனுப்பிய மணியோடரை நம்பி வாழ்ந்தன. 1983 இன் பின்னர் அவ்விடத்தை இலண்டனும் ரொறன்ரோவும் பிறநகரங்களும் எடுத்துக்கொண்டன. போர்க்காலத்தில் அப்பணம் உயிர் காத்தது; அதனை மறத்தல் நன்றிகொன்றதாகும். ஆயினும், பனியில் இரு வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் அண்ணன், ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பைக் கண்டு அஞ்சுகின்றான். எடுத்தால் ஏதேனும் கேட்பர். எடாவிட்டால் குற்றவுணர்வு வருத்தும். மறுமுனையில் இருக்கும் தம்பியோ, இருபத்தைந்து வயதிலும் அண்ணன் அனுப்புவாரென்று தொழிலொன்றும் பழகாது காத்திருக்கின்றான். இருவரும் துன்புறுகின்றனர்.

இதற்கு மருந்து அன்பைக் குறைத்தலன்று. ஆண்டுக்கு இவ்வளவு என அண்ணன் முன்னரே வகுத்து அறிவிக்கட்டும். அதன் ஒரு பகுதியைத் தம்பி தொழில் பயிலுதற்கெனக் கொடுக்கட்டும். தம்பி அதனைச் சுமைதாங்கியாகக் கொண்டு தன் சுமையைத் தானே எடுக்கட்டும். அப்போது தொலைபேசி மணி மீண்டும் மகிழ்ச்சியின் ஒலியாகும்.

முடிவுரை

ஒருவர் வகுக்கும் எல்லையால் நீங்காத துன்பங்களும் உள. போரின் வடுவும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி போன்ற இடர்களும் தனிமனிதனின் மனவுறுதியால் மட்டும் தீர்வனவல்ல. உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் உளநல மருத்துவரை நாடுதல் வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்ல நாணாத நாம் இதற்கும் நாணவேண்டியதில்லை. தன்வலியின் எல்லையை அறிந்து உதவி நாடுதலும் எல்லையறிதலே.

இம்மலரை வாசிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு ஒரு தாளை எடுத்து, அச்சத்தினால் மாத்திரம் நீங்கள் உடன்பட்ட ஒன்றையும், உங்களால் இயன்றும் பிறர் கைக்கு விட்டிருக்கும் ஒன்றையும் எழுதுக. முன்னதற்கு மென்மையான மறுமொழியொன்றைத் தேர்ந்துகொள்க. பின்னதை நாளைக் காலை உங்கள் கையாலேயே செய்க. என் வயதில் இதனைக் கற்பதற்கு நான் கொடுத்த விலை பெரிது. உங்கள் வயதிற் கற்பதற்கு ஒரு தாளும் ஓரிரவும் போதும்.