இதயத்தில் ஒரு கதவு

சைக்கிள் ட்யூபில் வால்வு இருக்கிறது. காற்று உள்ளே போகும், திரும்பி வராது. நம் இதயத்திலும் நான்கு வால்வுகள் உண்டு. அவை இரத்தத்தை ஒரே வழியில் விடும்.

சிறு வயதில் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் வரும். அது வால்வைக் கெடுக்கும். நடந்தாலே மூச்சு வாங்கும். வால்வு மிகவும் கெட்டால் செயற்கை வால்வு வைப்பார்கள்.

முன்பு அது வெளிநாட்டிலிருந்து வந்தது. விலையோ அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் குழுவினரும் இங்கேயே செய்ய முயன்றார்கள். மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவது தேறியது! 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவருக்கு இந்த வால்வு வைத்ததாக வைத்துக்கொள்வோம். அறுத்த நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை மூட்டையைத் தொடக் கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தினமும் கொஞ்சம் நடக்கலாம்.

இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையோ ஆயுள் முழுவதும் வேண்டும். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டும். வால்வு அசையாமல் நின்றுவிடலாம். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். மாத்திரை அளவு கூடினாலும் ஆபத்துதான், இரத்தம் கசியும். அதனால் டாக்டர் சொல்லும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பல் பிடுங்கப் போனாலும், "வால்வு வைத்திருக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். பெண்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும்.